ரெமெடியோஸ் வாரோ: அளந்து வரைந்த கனவுகள்

வாவிக்கரையான் (இழை தொடக்கம்)

உயர்தரச் சித்திர வகுப்பில், கனவையும் ஆழ்மனத்தையும் வரைகிற சர்ரியலிசம் என்று தொடங்கினால், ஓவியர் டாலியின் உருகும் கடிகாரத்தோடு பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: கற்பனை என்றால் கட்டுப்பாடு கிடையாது, கை போன போக்கில் வரையலாம். அடுத்த கிழமை வருகிற ஒப்படைகளில் மரத்துக்குக் கண், மீனுக்குச் சிறகு, எல்லாமே அரை மணித்தியால வேலை. இந்த எண்ணத்தை உடைக்க எனக்குக் கைகொடுப்பவர் ஓவியர் ரெமெடியோஸ் வாரோ. தமிழில் இவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அதனால் இங்கே ஓர் இழை. தெரிந்தவர்கள் சேர்த்து எழுதுங்கள், மறுக்க இருந்தால் மறுத்தும் எழுதுங்கள்.

1908 டிசம்பர் 16இல் ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் ஆங்லேஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் நீரியல் பொறியியலாளர். வேலை போன இடமெல்லாம் குடும்பமும் போனது: ஸ்பெயினின் பல ஊர்கள், வட ஆபிரிக்கா. மகள் சிறுமியாக இருக்கும்போதே தன்னுடைய பொறியியல் வரைபடங்களைப் பிரதியெடுக்க அவர் பழக்கினார். அடிமட்டம், கவராயம், தூரம் போகப் போகக் கோடுகள் ஒடுங்கும் கணக்கு எல்லாம் அந்த வயதிலேயே கையில் ஏறிவிட்டது. தாய் பக்தியுள்ள கத்தோலிக்கர். படிப்பு கன்னியர் மடப் பள்ளியில். 15 வயதில், 1924இல், மட்ரிட்டின் சான் பெர்னாண்டோ கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கறாரான பழைய பயிற்சி. பிராடோ அரும்பொருளகத்தில் பழைய ஓவியர் ஹியரோனிமஸ் பொஷ்ஷின் விசித்திர உருவங்கள். இந்த இரண்டும் ஓரிடத்தில் கூடியதுதான் வாரோவின் ஓவியம் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு நடந்தது இடப்பெயர்வுக் கதை. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். 1937இல் கவிஞர் பெஞ்சமின் பெரேயோடு பாரிசுக்குப் போனார். படைத்தளபதி பிராங்கோ வென்றதும் ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டது. 1940இல் ஜேர்மன் படைகள் பாரிசுக்குள் வந்தன. அங்கிருந்து மார்செய், மார்செயிலிருந்து கசபிளாங்கா, 1941 நவம்பரில் செர்பா பின்டோ என்ற கப்பலில் மெக்சிகோ. அந்த நாடு அப்போது ஸ்பானிய அகதிகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

அவருடைய பெயரைச் சொல்லும் படங்கள் பெரும்பாலும் 1953க்கும் 1963க்கும் இடையில் வந்தவை. முதல் தனிக் கண்காட்சி 1956இல், மெக்சிகோ நகரின் டயானா கலைக்கூடத்தில். 1963 ஒக்டோபர் 8இல் மாரடைப்பால் இறந்தபோது வயது 54.

நான் சொல்ல வருவது இதுதான். வாரோவின் படத்தில் நடக்க முடியாத காரியம் ஒன்று நடக்கும். ஆனால் அது நடக்கும் அறையின் தரைக்கல் ஒவ்வொன்றும் அளவாக இருக்கும், கயிறு கப்பியில் சரியாக ஓடும், குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துப் பின்தொடரலாம். அந்த அளவுதான் அந்தக் கனவை நம்ப வைக்கிறது.

—

இங்கினியாகலை

நான் ஓய்வுபெற்ற படவரைஞர். நீர்ப்பாசன வேலைகளுக்கு அணைக்கட்டின் வெட்டுமுகமும் வாய்க்கால் மதகும் வரைந்துதான் காலம் போனது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பழைய வரைபடங்களைப் பார்த்துப் பழகிய கை இது. உங்கள் பதிவைப் பார்த்த பிறகு வாரோவின் படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒரு விசயம் எங்கட தொழில்காரருக்கு உடனே தெரியும். நீர் சம்பந்தமான வரைபடத்தில் "இந்தத் தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுது" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு கோடும் போட முடியாது. வெறும் அழகுக்காக ஒரு குழாய் இருக்காது. வாரோவின் படத்திலும் அப்படித்தான். எந்திரம் இயங்குமா என்பது வேறு, ஆனால் இயங்குகிற மாதிரி யோசித்துத்தான் வரைந்திருக்கிறார். தகப்பன் நீரியல் பொறியியலாளர் என்று வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

ஆசிரியர் ஒரு படத்தை எடுத்துக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கோ.

—

வாவிக்கரையான்

நல்லது ஐயா. 1957இல் வரைந்த 'பறவைகளின் படைப்பு' படத்தை எடுப்போம்.

ஓர் அறை. நடுவில் மேசை. மேசை முன்னால் ஆந்தை முகமும் இறகு உடலும் கொண்ட ஒருத்தி இருக்கிறாள். கழுத்தில் வயலின் போன்ற வாத்தியம் தொங்குகிறது. அவள் பிடித்திருக்கும் தூரிகை அந்த வாத்தியத்தோடு இணைந்திருக்கிறது. மற்றக் கையில் முக்கோணக் கண்ணாடி ஒன்று. சன்னலால் வரும் வான்வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டுக் கடதாசியில் விழுகிறது. விழுந்த இடத்தில் அவள் வரைகிற பறவை உயிர்பெற்று எழும்பிப் பறக்கிறது. பக்கத்தில் முட்டை வடிவக் கலங்கள் பொருத்திய வடிகலம் ஒன்று, வெளியிலிருந்து எதையோ வாங்கி வடித்து, மூன்று அடிப்படை நிறங்களாகத் தட்டில் ஊற்றுகிறது.

இதில் ஒரு சந்திப்புக்கூட விடுபடவில்லை. வெளிச்சம், இசை, நிறம் மூன்றும் தனித்தனி வழியால் வந்து ஒரு தாளில் கூடுகின்றன. படைப்பு என்றால் என்ன என்று பெரிய விளக்கம் எதுவும் அவர் வைக்கவில்லை. ஒரு வேலைத்தலத்தை வரைந்திருக்கிறார். ஆந்தைப்பெண் மயங்கிய நிலையில் இல்லை, சாமி வந்தும் ஆடவில்லை. குனிந்து வேலை செய்கிறாள். அவளுடைய முகத்தில் இருக்கிற கவனம், நல்ல நகை வேலைக்காரரின் முகத்தில் இருப்பது.

—

படுவான்கரை

ஆசிரியர் எழுதின படத்தப் பார்த்தன். எங்கட ஆக்களுக்கு இது புதிசா? கோயிலுக்குப் போனா காமதேனு வாகனம். பெண் முகம், பசு உடம்பு, மயில் தோகை. யாளிக்கு எத்தின மிருகத்தின்ட உறுப்பு! நரசிம்மர் தூணுக்குள்ளால வந்தவர். மட்டக்களப்பான் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வச்சிருவான் எண்டு யாழ்ப்பாணத்தார் இண்டைக்கும் கதைக்காங்க. நிசமும் மாயமும் கலந்துதான் எங்கட ஊரே இரிக்கி. மெக்சிகோவுக்குப் போய்த்தான் படிக்கணுமா, மனே?

கூத்துக்காரன் எண்ட முறையில இன்னொண்டும் சொல்றன். அந்தம்மாவின்ட படங்கள்ள உடுப்பே ஒரு கட்டடம் மாதிரி நிக்குது. எங்கட வடமோடி அரசனுக்குப் போடுற கரப்புடுப்பும் அப்படித்தான். உடம்போட ஒட்டாம வட்டமா விரிஞ்சி நிக்கும். அதக் கட்டினாப் பிறகு சாதாரண மனிசன் மாதிரி நடக்க ஏலாது, ஆடத்தான் ஏலும். உடுப்பே ஆள மாத்திப்போடும்.

—

வாவிக்கரையான்

அண்ணன், கரப்புடுப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் வகுப்பில் சொல்லப் போகிறேன். வாரோ தன்னுடைய உடுப்புகளைத் தானே தைத்தவர், மேடை உடுப்பு வேலையும் செய்தவர். அவருடைய படங்களில் சட்டையின் கீழ்ப்பக்கம் சில்லாக மாறும், மேலங்கி படகாகும், முக்காடு பாயாக விரிந்து காற்றைப் பிடிக்கும்.

காமதேனு விசயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். எங்கள் மரபில் இரண்டு உயிர் ஓர் உடலில் கலந்தால் அது தெய்வம், அல்லது தெய்வத்தின் வாகனம். நாம் கும்பிடுகிறோம். வாரோவின் ஆந்தைப்பெண்ணைக் கும்பிட ஒருவரும் இல்லை. அவள் தனி அறையில் வேலை செய்கிற ஒருத்தி. மாயத்தை மூலத்தானத்திலிருந்து வெளியே எடுத்து, அடுப்படிக்கும் தையல் மேசைக்கும் பக்கத்தில் வைத்தது அவர் செய்த பெரிய காரியம். 1958இல் வரைந்த படமொன்றில் உயரமான கோபுர அறைக்குள் ஒரு தாய் நட்சத்திரங்களை அரைவை எந்திரத்தில் போட்டு அரைத்து, கூட்டுக்குள் இருக்கிற பிறை நிலாவுக்குக் கரண்டியால் ஊட்டுகிறாள். அவள் முகத்தில் களைப்பு. பிள்ளைக்குச் சோறு ஊட்டி அலுத்த எந்தத் தாய்க்கும் அந்த முகம் விளங்கும்.

—

கல்லடி மாணவி

சேர், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறேன். உங்கள் முதல் பதிவில் 1941க்கும் 1953க்கும் நடுவில் பன்னிரண்டு வருசம் காணாமல் போய்விட்டது. அந்த வருசங்கள்தான் எனக்கு முக்கியமாகத் தெரியுது. ஒரு பெண் ஓவியர் 33 வயதில் புதிய நாட்டுக்கு வந்து, 45 வயது வரைக்கும் என்ன செய்தார்?

வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்தார். தளபாடங்களுக்கும் வாத்தியங்களுக்கும் வர்ணம் தீட்டினார். பழைய மட்பாண்டங்களைத் திருத்தினார். பேயர் மருந்துக் கம்பனிக்கு விளம்பரப் படங்கள் வரைந்தார்: நித்திரையின்மை, வாதநோய், வலி. அந்தப் படங்களில் தாயின் குடும்பப் பெயரான உரங்கா என்று கையொப்பம் வைத்தார். வலியை எப்படிப் படமாக்குவது என்பதை மருந்து விளம்பரத்தில்தான் அவர் பழகியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். நித்திரை வராதவருக்கான படத்தில் மெழுகுதிரியும் வெறும் வாசல்களும் இருட்டுக்குள் கண்களும் இருக்கும். அதை விளம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

1947இன் இறுதியில் பெரே பிரான்சுக்குத் திரும்பிய காலத்தில் வாரோ வெனிசுவேலாவுக்குப் போனார். அங்கே அவருடைய அண்ணன் ரொட்ரிகோ தொற்றுநோய்த் துறை வைத்தியர். மலேரியாவுக்கு எதிரான வேலைக்காக, நுணுக்குக்காட்டியால் பார்த்து, நோய் பரப்பும் பூச்சிகளைத் துல்லியமாக வரைந்தார். 1949இல் மெக்சிகோவுக்குத் திரும்பினார். பிறகு ஒஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த வோல்ட்டர் குரூவனோடு வாழ்க்கை அமைந்தது. அவர்தான் கம்பனி வேலைகளை விட்டுவிட்டு முழுநேரமும் வரையச் சொன்னவர்.

கூலி வேலை ஓவியரின் கையைக் கெடுத்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். வாரோவின் கையைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. கலியாண மண்டபத்துக்கு மேடை அலங்காரம் செய்து படிப்புச் செலவைப் பார்க்கிற எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் இது பெரிய விசயம்.

—

இங்கினியாகலை

தங்கச்சி, நல்லாச் சொன்னீங்க. நுளம்பு வரைந்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி. மலேரியா இந்தப் பக்கத்துக் காட்டுப் பிரதேசங்களை எப்படி வாட்டியது என்று எங்கட வயதுக்காரருக்குத் தெரியும். வீட்டுச் சுவருக்கு மருந்தடிக்க ஆக்கள் வருவார்கள், அந்த மணம் நாள்கணக்கில் போகாது. 2016இல்தான் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அந்த வேலைக்குப் பின்னால், நுளம்பின் காலையும் சிறகையும் பிசகாமல் வரைந்து கொடுத்த கைகளும் உலகமெல்லாம் இருந்திருக்கும். அப்படிப்பட்ட வேலை பார்த்த ஒருவர்தான் மனிசருக்குப் பூச்சிச் சிறகும் ஆந்தை இறகும் பொருத்தினார் என்றால், அந்தச் சிறகு எலும்பில் எங்கே பொருந்தும் என்று தெரிந்துதான் பொருத்தியிருக்கிறார்.

—

எழுவான்

இழையை முதலிலிருந்து வாசித்தேன். எல்லாரும் ரசனையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஓர் உறுத்தல், சொல்லாமல் விட முடியாது.

இந்த மண்ணில் தாய்மார் இன்றைக்கும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள். கடவுச்சீட்டு அளவுப் படம், சாயம் போன படம். அந்தப் படத்தின் முழுப் பலமும் அது உண்மை என்பதுதான். "இந்த முகம் இருந்தது" என்பதற்கு அத்தாட்சி. எங்களுடைய ஓவியர்கள் செய்ய வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன்: நடந்ததை நடந்தபடி வரைவது. ஆந்தைப்பெண்ணும் நட்சத்திரச் சோறும் அழகுதான். ஆனால் போரைக் கண்டு, தடுத்து வைக்கப்பட்டு, கப்பலேறித் தப்பி வந்த ஒருவர் அதையெல்லாம் வரையாமல் கோபுரத்தையும் மந்திரத்தையும் வரைந்தது எனக்கு ஓட்டமாகத் தெரிகிறது. நாங்கள் ஓடக்கூடாது. மறதிக்கு உதவுகிற கலை எங்களுக்கு வேண்டாம்.

—

வாவிக்கரையான்

எழுவான், உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

வாரோவின் தம்பி லூயிஸ் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் படையில் சேர்ந்து இறந்தவர். அக்கா நின்றது மறுபக்கத்தவரோடு. ஒரே வீட்டுக்குள் போர் புகுந்தால் எப்படி இருக்கும் என்று இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர் பிறகு ஸ்பெயினுக்குக் குடியிருக்கத் திரும்பவே இல்லை. போரை நேரடியாக வரைந்த வேலையும் அவருக்கு உண்டு: மெக்சிகோவில் பாசிச எதிர்ப்புப் பிரசாரத்துக்காகப் போர்க்களக் காட்சிகளைச் சிறிய மாதிரிகளாகச் செய்து கொடுத்திருக்கிறார். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. அவரை இன்றைக்கும் பார்க்க வைப்பது அந்த மாதிரிகள் இல்லை.

1957இல் வரைந்த 'நாடோடி' படத்தைப் பாருங்கள். காட்டு வழியில் ஒருவன் நிற்கிறான். அவனுடைய உடுப்பே வீடு. சில்லு இருக்கிறது, கதவைப் போல மூடும் பக்கம் இருக்கிறது. உள்ளே புத்தகங்கள், சுவரில் மாட்டிய ஓர் உருவப்படம், பூச்செடியோடு ஒரு சாடி, ஒரு பூனை. இந்தப் படத்தைப் பற்றி அண்ணனுக்கு எழுதிய குறிப்பில், இவன் விடுதலை அடையாத நாடோடி என்று வாரோ சொல்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனைப் போலத் தெரியும், ஆனால் விட முடியாததை எல்லாம் உடம்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

இதை ஓட்டம் என்று என்னால் சொல்ல முடியாது. இடம்பெயர்ந்தவரைப் புகைப்படம் எடுத்தால் கையில் பையும் தலையில் மூட்டையும் தெரியும். அந்த ஆளுக்குள் சுவரும் படமும் பூனையும் இருப்பது தெரியாது. அதைக் காட்டத்தான் கற்பனை தேவைப்பட்டது. தாய்மார் ஏந்தும் படத்தின் இடத்தை எந்த ஓவியமும் எடுக்க முடியாது என்பதில் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் அந்தத் தாய் அந்தப் படத்தைப் பார்க்கும்போது என்ன பார்க்கிறாள் என்பதை வரைய வேண்டுமென்றால், நடந்ததை மட்டும் வரைந்து முடிக்க முடியாது.

—

கல்லடி மாணவி

எழுவான் அண்ணா சொன்னதில் ஒரு பகுதியை நானும் ஏற்கிறேன். ஆனால் சேர் சொல்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வாரோவின் எல்லாப் படத்தையும் "அகதியின் வலி" என்று வாசித்தால், அவரைக் கட்டிப்போட்டதாகிவிடும். எங்களையும் வெளியிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள். நாங்கள் எதை வரைந்தாலும் போர், சுனாமி என்று ஒரு குறிப்பு எழுதி மாட்டிவிடுகிறார்கள்.

அவருக்கு ரசவாதத்தில் விருப்பம், ஆன்மிக ஆசான் குர்ஜியேவின் போதனைகளில் ஈடுபாடு, வானியலில் பைத்தியம், பகிடியிலும் குறையில்லை. 1959இல் கோழி, வான்கோழி, மீன் எலும்புகளைக் கோத்து, கால் இருக்கிற இடத்தில் சில்லு வைத்த ஓர் ஆதிமனிதனின் எலும்புக்கூட்டைச் செய்தார். அதற்குப் பொருத்தமாக, பொய்ப் பெயருடைய ஓர் அறிஞர் எழுதியதாக ஆராய்ச்சிக் கட்டுரையும் தானே எழுதினார். தொலைபேசிப் புத்தகத்தில் எழுந்தமானமாக ஒரு பெயரைத் தெரிவுசெய்து, முன்பின் தெரியாத அந்த ஆளை விருந்துக்கு அழைத்து எழுதிய கடிதம் அவருடைய எழுத்துகளுக்குள் கிடக்கிறது. லியோனோரா கரிங்டன், கட்டி ஹோர்னா என்ற இரண்டு கலைஞர்கள், அவர்களும் ஐரோப்பாவிலிருந்து போரால் வந்தவர்கள், இவருக்கு நெருங்கிய சிநேகிதிகள். மூன்று பேரும் கூடிச் சமைப்பதும் சிரிப்பதும் கனவுகளைச் சொல்வதும் அவர்களுடைய கலையில் பாதி.

1960இல் வரைந்த ஒரு படத்தில், உளவியல் மருத்துவரிடமிருந்து வெளியே வருகிற பெண் ஒருத்தி, ஒரு தாடிக்காரத் தலையைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடுகிறாள். அது தகப்பனின் தலை. பெயர்ப்பலகையில் உளவியல் முன்னோடிகளான பிராய்ட், யுங், அட்லர் மூவரின் முதலெழுத்துகள். அளவுகோல் தந்த தகப்பனைப் பற்றி சேரும் ஐயாவும் இவ்வளவு எழுதினீர்கள். மகள் அந்தத் தலையைக் கிணற்றில் போட்டதையும் சேர்த்து எழுத வேணும்.

—

படுவான்கரை

தங்கச்சி எழுதினதுக்கு ஒரு கும்பிடு. இனி நான் மெக்சிகோ வேணாம் எண்டு சொல்ல மாட்டன்.

—

தறிச்சத்தம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மருதமுனையிலிருந்து எழுதுகிறேன். நெசவுக் குடும்பம். எங்கட வாப்பா தறியில் இருந்தவர், உம்மா நூல் சுற்றினவ. ஓவியம் எனக்குப் படித்துத் தெரிந்த பாடமில்லை. ஆனால் இந்த இழையால் தேடிப்போய், 1961இல் வாரோ வரைந்த 'பூமியின் போர்வையைப் பின்னுதல்' படத்தைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோபுரத்தின் உச்சியில் ஓர் அறை. ஒரே மாதிரி முகமும் ஒரே மாதிரி உடுப்பும் உள்ள பெண்பிள்ளைகள் சுற்றி இருந்து பின்னுகிறார்கள். நடுவில் முக்காடு போட்ட ஆள், கையில் புத்தகம், முன்னால் ஒரு கலம். அந்தக் கலத்திலிருந்து நூல் பிள்ளைகளுக்குப் போகிறது. பின்னிய துணி அறையின் இடுக்குகளால் வெளியே வழிந்து விழுகிறது. விழ விழ அதுவே மரம், வீடு, தண்ணீர், படகு, உலகமாகிறது. ஒரு பிள்ளை மட்டும், மற்றவர்களுக்குத் தெரியாமல், துணியின் மடிப்புக்குள் தன்னையும் தான் விரும்பினவரையும் தலைகீழாகப் பின்னி வைத்திருக்கிறா.

நெசவு தெரிந்த ஆள் ஒன்று சொல்லலாமென்றால்: தறியில் இருக்கிறவருக்குத் துணி முழுதாகத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற சாண் அளவுதான் தெரியும். நெய்து முடிந்தது உருளையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். முதல் முழத்தில் விட்ட பிசகு கடைசியில் விரித்தால்தான் வெளிச்சத்துக்கு வரும். அந்தப் பிள்ளை மடிப்புக்குள் ஒளித்து வைத்ததை முக்காடு போட்ட ஆள் காணாமல் விட்டது எனக்கு வியப்பாக இல்லை. வேலை வாங்குகிறவருக்குத் தெரியாமல் துணிக்குள் எதையும் வைக்கலாம், வைக்கிறவருக்குக் கணக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் தப்புகிறா. மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அது எனக்குக் கவலையாக இருந்தது. இது மூன்று படங்களில் ஒன்று என்று வாசித்தேன், மற்ற இரண்டிலும் என்ன நடக்கிறது?

—

வாவிக்கரையான்

வ அலைக்கும் ஸலாம் சகோதரி. நான் இத்தனை வருடம் இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியும், அந்த ஒளிப்பு எப்படிச் சாத்தியம் என்று இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

முதல் படம் 'கோபுரத்தை நோக்கி'. தேன்கூடு போன்ற கட்டடத்திலிருந்து பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாகக் கூட்டிச் செல்லப்படுகிறார்கள். எல்லாரும் மயக்கத்தில் இருப்பதுபோல ஒரு பக்கம் பார்க்க, ஒருத்தி மட்டும் பார்வையைத் திருப்பி வைத்திருக்கிறாள். கன்னியர் மடப் பள்ளியில் படித்த நினைவுதான் அது. மூன்றாவது 'தப்பியோட்டம்'. துணிக்குள் ஒளித்த காதலனோடு, கவிழ்த்த குடை போன்ற விசித்திர வாகனத்தில் முகில் மேலாக மலைக்குகை நோக்கிப் போகிறாள்.

மற்றப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது சரி. மூன்றாவது படத்தில் அவர்கள் இல்லை.

—

எழுவான்

'நாடோடி' படத்தை நேற்று இரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிலைப்பாட்டை முழுதாக விடவில்லை. முகங்களையும் பெயர்களையும் பதிவுசெய்கிற வேலையை முதலில் செய்ய வேணும், அது இன்னும் முடியவில்லை. ஆனால் "நடந்ததை நடந்தபடி" என்று நான் எழுதியதற்குள் எவ்வளவு அடங்கும் என்று யோசிக்கிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்து நின்றதை நாமெல்லாம் கண்டோம். அலை அடித்துப்போன கரையில் விழாமல் சாய்ந்து நின்ற கோபுரம். அதை ஒருவர் அப்படியே வரைந்து வெளியூர்க்காரருக்குக் காட்டினால், கற்பனை என்றுதான் சொல்வார்கள்.

—

இங்கினியாகலை

அந்தக் கோபுரத்தை வரைவதென்றால் சரிவின் பாகையை முதலில் எடுக்க வேணும், தம்பி. கண்மட்டத்துக்கு வரைந்தால் சாய்வு கூடிப்போகும், பார்க்கிறவர் நம்ப மாட்டார். உண்மையிலேயே நடந்த அதிசயத்துக்கு இன்னும் கூடுதலாக அளவு தேவை.

—

கல்லடி மாணவி

சேர், அவர் எப்படி வரைந்தார் என்று ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் செய்து பார்க்கக்கூடிய மாதிரிச் சொல்லுங்கள்.

—

வாவிக்கரையான்

அவர் பெரும்பாலும் துணியில் வரையவில்லை. அமுக்கிய மரநார்ப் பலகையில், நாங்கள் ஹாட்போட் என்கிறோமே அந்த வகையில், வெள்ளைப் பூச்சுப் போட்டு அதன்மேல் வரைந்தார். முழு அளவிலான பென்சில் வரைபடம் முதலில். அதை ஒளிகடத்தும் தாளில் எடுத்துப் பலகைக்கு மாற்றுவார். பிறகு மெல்லிய நிறப் படைகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

பாசி, மரப்பட்டை, முகில் போன்ற இடங்களுக்கு வேறு வழி. ஈர நிறத்தின் மேல் ஒரு தாளை அமுக்கி எடுத்தால் தானாக ஒரு கோலம் விழும். பாரிசில் சர்ரியலிஸ்டுகள் பழகிய முறை அது. மற்றவர்கள் அந்தத் தற்செயலை அப்படியே விட்டுவிடுவார்கள். வாரோ அதற்குள் உற்றுப் பார்த்து, எது வேர், எது பாறை என்று கண்டுபிடித்து, மிக மெல்லிய தூரிகையால் வரையறுத்தார். முடி, வெளிச்சக் கீற்று போன்றவற்றுக்கு நிறத்தைக் கூரால் கீறி அடியில் இருக்கும் வெள்ளையை வெளியே எடுத்தார்.

நீங்கள் செய்து பார்க்க: கடையில் ஹாட்போட் துண்டு வாங்கி, வழுவழுப்பான பக்கத்தை மண்தாளால் லேசாகத் தேய்த்து, சோக்குத் தூளும் பசையும் கலந்து மெல்லியதாகப் பல தடவை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். எங்கள் ஊர் ஈரக்காற்றில், மாரி காலத்தில், இந்த வேலை இழுபடும். பங்குனி, சித்திரைதான் நல்லம்.

—

தறிச்சத்தம்

இவருடைய அசல் படங்களை எங்கே பார்க்கலாம்? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

—

கல்லடி மாணவி

பெரிய தொகுதி மெக்சிகோ நகரின் நவீன கலை அரும்பொருளகத்தில் இருக்கிறது, ராத்தா. குரூவன் சேர்த்து வைத்துக் கொடுத்தவை. இறந்து எட்டு வருசத்துக்குப் பிறகு, 1971இல், அங்கேதான் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்து சனம் அள்ளுப்பட்டது. 2023இல் சிக்காகோ கலை நிறுவனத்திலும் ஒரு தனிக் கண்காட்சி நடந்தது. எங்களுக்கு இப்போதைக்குத் திரையில்தான். ஆனால் பெரிதாக்கிப் பாருங்கள், போன் திரையில் பாதி தெரியாது.

—

படுவான்கரை

பிள்ளையளுக்கு முதல்ல எந்தப் படத்தக் காட்டலாம்? என்ட பேரன் சாதாரண தரம் எடுக்கான், சித்திரம் ஒரு பாடம்.

—

வாவிக்கரையான்

1959இல் வரைந்த 'ஒறினோகோ ஆற்றின் ஊற்றைத் தேடி' படத்தைக் காட்டுங்கள், அண்ணன். வெள்ளம் நிறைந்த காட்டுக்குள், தொப்பி போட்ட ஒரு பெண் தனியாக ஒரு சிறு படகில் போகிறாள். படகு அவள் போட்டிருக்கும் மேற்சட்டை மாதிரியே இருக்கும், பொத்தான்கூட உண்டு. கயிறுகளைப் பிடித்து அதை ஓட்டுகிறாள். போய்ச் சேருகிற இடத்தில் ஒரு மரப்பொந்து, அதற்குள் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்திலிருந்து வழிகிற தண்ணீர்தான் முழு ஆறும். வெனிசுவேலாவில் இருந்த காலத்தில் அவர் மனதில் விழுந்த ஆறு அது.

பேரனை முதலில் அந்தப் படகை மட்டும் வரையச் சொல்லுங்கள்: பக்கத்தோற்றம், மேல்தோற்றம், எந்தக் கயிற்றை இழுத்தால் எது அசையும் என்று அம்புக்குறியோடு. வாவியில் தோணி பார்த்து வளர்ந்த பிள்ளை, தண்ணீர்மட்டம் எங்கே வரும் என்று அவனுக்குச் சொல்லத் தெரியும். வரைந்ததைப் படமெடுத்து இங்கே போடச் சொல்லுங்கள். ஐயாவும் பார்த்துத் திருத்திக் கொடுப்பார்.